ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸில் கற்பனை இனங்களைக் குடியேற்றுவது எப்படி? திருகோணமலைப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (சுருக்கமாக டி அண்ட் டி) என்ற பகடை உருட்டும் மேசை விளையாட்டில் ஹாஃப்லிங் என்ற குட்டை மனித இனத்துக்கு அரைப் பக்க விவரம்தான் இருக்கிறது. உயரம், எடை, ஆயுள், விளையாடுபவருக்குக் கிடைக்கும் இரண்டு மூன்று சலுகைகள், அவ்வளவே. அதே இனத்தைத் தூக்கி, குள்ளர்களின் கோட்டையைக் கட்டி நடத்தும் கணினி விளையாட்டான ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸுக்குள் விட்டால் அந்த அரைப் பக்கம் காணாது. இவர்கள் என்ன சாப்பிடுவார்கள், எத்தனை வயதில் வேலைக்குப் போவார்கள், எந்தக் கத்தி இவர்கள் கைக்கு அடங்கும், பக்கத்து நாட்டோடு எதற்குச் சண்டை பிடிப்பார்கள் என்று அது கேட்டுக்கொண்டே இருக்கும். நீங்கள் பதில் எழுதாத இடத்தில் தன்னிடம் உள்ள பொதுவான பதிலைப் போட்டுக்கொள்ளும். பிறகு கோட்டைக்குள் ஏதோ விசித்திரமாக நடக்கும்போதுதான் நமக்குத் தெரியவரும்.

திருகோணமலையில் லீவு நாட்களில் மேசையைச் சுற்றி இருந்து பகடை உருட்டுகிற பிள்ளைகள் சிலரை எனக்குத் தெரியும். அவர்களில் பலருக்கு இப்போது மொட் செய்யும் ஆசை, அதாவது கணினி விளையாட்டின் கோப்புகளில் தாங்களே புதியவற்றைச் சேர்க்கும் ஆசை வந்திருக்கிறது. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். புரோகிராமிங் தெரியவேண்டியதில்லை. எழுத்துக் கோப்பைத் திறந்து திருத்தத் தெரிந்தால் போதும். மனதில் வைத்திருக்க வேண்டியது ஒன்றுதான்: மேசை விளையாட்டின் எண்ணை அப்படியே கொண்டுவராதீர்கள். அந்த எண்ணால் ஒரு ஊரின் அன்றாட வாழ்க்கை எப்படி மாறும் என்று யோசித்து, அந்த மாற்றத்தை எழுதுங்கள்.

முதலில் தேவையானவை

ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ் ஆடம்ஸ் சகோதரர்கள் இருவரும் சேர்ந்து செய்யும் விளையாட்டு. 2006இல் முதன்முதலாக வெளிவந்தது. படங்களோடு கூடிய ஸ்டீம் (இணைய விளையாட்டுக் கடை) பதிப்பு 2022 டிசம்பரில் வந்தது. அதற்குக் காசு கட்டவேண்டும். கிளாசிக் பதிப்பை அவர்களுடைய பே 12 கேம்ஸ் தளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். டொலரில் காசு கட்ட அட்டை இல்லாதவர்கள் கிளாசிக்கிலேயே தொடங்குங்கள். மொட் எழுதும் முறை இரண்டுக்கும் ஒன்றுதான். படங்கள்தான் வேறு.

எழுதுவதற்கு நோட்பேட் போதும். நோட்பேட் பிளஸ் பிளஸ் இருந்தால் இன்னும் வசதி, வரி எண்ணும் நிறமும் காட்டும். வேர்ட்டில் மட்டும் எழுதவேண்டாம், அது மேற்கோள் குறிகளை வளைத்துவிடும்.

இந்தக் கட்டுரையில் வரும் வரிப் பெயர்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். கோப்பில் அவை ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருக்கும். சொற்களுக்கு இடையில் இடைவெளிக்குப் பதில் அடிக்கோடு வரும். முழு வரியும் சதுர அடைப்புக்குறிக்குள் இருக்கும், மதிப்புகளை முக்காற்புள்ளி பிரிக்கும். இனத்தின் பெயரையும் ஆங்கில எழுத்திலேயே வையுங்கள். இந்த விளையாட்டு யூனிகோட் படிக்காது. 'யாளி' என்று தமிழில் எழுதினால் திரையில் கிறுக்கல்தான் வரும்.

கோப்புறை அமைப்பு

விளையாட்டின் மூலக் கோப்புகள் டேட்டா, அதற்குள் வெனிலா என்ற ஃபோல்டரில் இருக்கின்றன. உயிரிகள், நாகரிகங்கள், பொருட்கள் எல்லாம் தனித்தனி ஃபோல்டர்களாக உள்ளே இருக்கும். திறந்து படியுங்கள், நகல் எடுங்கள், ஆனால் அங்கே எதையும் திருத்தாதீர்கள். உங்கள் வேலை முழுவதும் மொட்ஸ் ஃபோல்டருக்குள் நீங்களே உண்டாக்கும் புது ஃபோல்டரில்தான்.

அந்தப் புது ஃபோல்டரில் இன்ஃபோ என்ற எழுத்துக் கோப்பும் ஆப்ஜெக்ட்ஸ் என்ற ஃபோல்டரும் வேண்டும். இன்ஃபோ கோப்பில் மொட்டின் அடையாளப் பெயர், பதிப்பு எண், செய்தவர் பெயர், சிறு விளக்கம் ஆகியவற்றை எழுதுங்கள். ஏற்கெனவே யாரோ செய்த மொட்டின் இன்ஃபோ கோப்பை நகல் எடுத்து மாற்றிக்கொள்வது எளிது.

ஆப்ஜெக்ட்ஸுக்குள் வைக்கும் கோப்பின் பெயர் 'கிரியேச்சர்' என்ற சொல்லில் தொடங்கவேண்டும், இல்லாவிட்டால் விளையாட்டு அதைத் தேடிப் படிக்காது. கோப்பின் முதல் வரியில் அந்தக் கோப்பின் பெயரே வரும். அடுத்து, இது உயிரிக் கோப்பு என்று அறிவிக்கும் ஆப்ஜெக்ட் வரி. அதன் பிறகுதான் உங்கள் இனம். அடையாளப் பெயரின் முன்னால் உங்கள் மொட்டுக்கென்று ஒரு சிறு முன்னொட்டுச் சேருங்கள். வெறுமனே ஹாஃப்லிங் என்று வைத்து, அதே பெயரில் இன்னொருவரின் மொட்டும் ஏற்றப்பட்டால் இரண்டும் மோதிக் குழம்பும்.

எதை எடுத்துச் செய்யலாம்?

டி அண்ட் டியின் 5.1 விதி ஆவணம் 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் திறந்துவிடப்பட்டது. மூலம் எங்கிருந்து என்று குறிப்பிட்டால் யாரும் பயன்படுத்தலாம். ஹாஃப்லிங், டிராகன்போர்ன், நோம், டீஃப்லிங் போன்ற இனங்களும் ஆந்தைக்கரடி, கோலெம்கள், ட்ரோல் போன்ற உயிரிகளும் அதில் இருக்கின்றன. பல கண்கள் கொண்ட பிஹோல்டரும் மூளை தின்னும் மைண்ட் ஃபிளேயரும் அதில் விவர அட்டவணையோடு வருவதில்லை. பகிர்வதற்காக மொட் செய்கிறீர்கள் என்றால் அந்த இரண்டையும் தொடாமல் இருப்பது நல்லது. ஹாஃப்லிங் என்ற பெயரே ஒரு உரிமைச் சண்டையின் மிச்சம்தான். 1970களின் ஆரம்பப் பதிப்புகளில் டோல்கீனின் கதைகளில் வரும் ஹாபிட் என்ற பெயரே இருந்தது, வக்கீல் கடிதத்துக்குப் பிறகு மாறியது.

தேர்வு செய்யும்போது ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸில் ஏற்கெனவே இருப்பதைத் திரும்பச் செய்யாதீர்கள். குள்ளர், எல்ஃப், மனிதர், கோப்லின், கோபோல்ட், ட்ரோல், டிராகன் எல்லாம் அங்கே உண்டு. முதல் முயற்சிக்கு ஹாஃப்லிங் நல்ல தேர்வு, ஏனென்றால் குள்ளரிலிருந்து பெரிய தூரமில்லை.

ஹாஃப்லிங்: வரி வரியாக

வெனிலா உயிரிக் கோப்புகளில் 'கிரியேச்சர் ஸ்டாண்டர்ட்' என்பதைத் திறந்து குள்ளருக்கான பகுதி முழுவதையும் நகல் எடுத்து உங்கள் கோப்பில் ஒட்டுங்கள். ஒரு உயிரியின் வரிகளை இன்னொன்றுக்குத் தானாக எடுத்துத்தரும் 'காப்பி டேக்ஸ் ஃப்ரம்' என்ற வரியும் இருக்கிறது. ஆனால் முதல்தடவை கையால் ஒட்டுவதுதான் என் சிபாரிசு. ஒவ்வொரு வரியும் கண்ணில் பட்டால்தான் எதை வைப்பது, எதை எடுப்பது என்று தெரியும்.

முதலில் உடலளவு. 'பாடி சைஸ்' வரியில் வயது, நாள், அளவு என்று மூன்று எண்கள் இருக்கும். அளவு கன சென்டிமீட்டரில். உடம்பின் அடர்த்தி கிட்டத்தட்டத் தண்ணீரின் அடர்த்திதான் என்பதால் கிராம் என்றே எடுத்துக்கொள்ளலாம். பிறந்த குள்ளக் குழந்தைக்கு 3000, ஒரு வயதும் 168 நாளும் ஆகும்போது 15000, பன்னிரண்டு வயதில் 60000. இங்கே வருடம் 336 நாள், அதாவது 28 நாள் கொண்ட 12 மாதம். ஆகவே 168 நாள் என்பது சரியாக அரை வருடம். மனிதனுக்கு 70000, பூனைக்கு 5000, யானைக்கு 50 லட்சம், முழுதாய் வளர்ந்த டிராகனுக்கு 250 லட்சம்.

விதி ஆவணத்தில் ஹாஃப்லிங்கின் எடை சுமார் 40 பவுண்டு. கிலோவுக்கு மாற்றினால் 18. ஆகவே முழு அளவு 18000, குள்ளரின் அளவில் பத்தில் மூன்று பங்கு. மற்ற எண்களையும் அதே வீதத்தில் குறைத்தால் 900, 4500, 18000 என்று வரும். இவர்கள் இருபது வயதில்தான் பெரியவர் ஆவார்கள். எனவே கடைசி எண்ணின் வயதையும் 'சைல்ட்' வரியின் வயதையும் இருபது ஆக்குங்கள். இதன் விளைவையும் இப்போதே கணக்கில் எடுங்கள்: இருபது வருடம் சாப்பாடு போட்டு வளர்த்த பிறகுதான் ஒரு பிள்ளை முழு வேலைக்கு வரும். சின்னக் கோட்டைக்கு அது பாரம். எனக்கு அது பிடித்திருக்கிறது. உங்களுக்குப் பிடிக்காவிட்டால் குறையுங்கள், யாரும் கேட்கப்போவதில்லை.

ஆயுளில் வேலையே இல்லை. குள்ளரின் 'மேக்ஸ் ஏஜ்' 150இலிருந்து 170 வரை. ஹாஃப்லிங்கும் ஏறக்குறைய 150 வருடம் வாழும்.

அடுத்து, குள்ளரோடு ஒட்டிக்கொண்டு வந்த குணங்கள். 'ஆல்கஹால் டிபெண்டன்ட்' என்று ஒரு வரி இருக்கும். அதை விட்டுவைத்தால் உங்கள் ஹாஃப்லிங்குகள் சாராயம் கிடைக்காமல் வேலை மந்தமாகி முகம் தொங்கிப்போய்த் திரிவார்கள். 'கேவ் அடாப்ட்' வரி இருந்தால் நிலத்தடியில் நெடுநாள் இருந்துவிட்டு வெயிலுக்கு வரும்போது வாந்தி எடுப்பார்கள். இரண்டையும் அழித்துவிடுங்கள். 'ஸ்ட்ரேஞ்ச் மூட்ஸ்' வரியை வைத்திருக்கலாம். யாரோ ஒருவர் பட்டறையைப் பிடித்துக்கொண்டு அரிய பொருள் செய்யக் கிளம்புவது இந்த விளையாட்டின் பாதிச் சுவாரசியம்.

'ப்ரெஃப் ஸ்ட்ரிங்' என்ற வரியைப் பலர் கவனிப்பதில்லை. ஓர் உயிரியை மற்றவர்கள் எதற்காக ரசிக்கிறார்கள் என்பதை அது சொல்கிறது. குள்ளருக்கு அதில் 'தாடி' என்று இருக்கும். மாற்றாவிட்டால் தாடியே இல்லாத உங்கள் இனத்தின் தாடியைப் புகழ்ந்து ஊரில் கதை நடக்கும்.

இனி சலுகைகள். மேசையில் ஹாஃப்லிங்குக்கு டெக்ஸ்டரிட்டியில் (கைத்திறன், சுறுசுறுப்பு) இரண்டு கூடும். ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸில் டெக்ஸ்டரிட்டி என்று ஒன்று கிடையாது. அங்கே 6 உடல் பண்புகளும் 13 மனப் பண்புகளும் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் குறைந்ததிலிருந்து கூடியது வரை ஏழு எண்கள். பொதுவான வரிசை 200, 700, 900, 1000, 1100, 1300, 2000. குள்ளரின் பலத்துக்கு அது 450, 950, 1150, 1250, 1350, 1550, 2250 என்று உயர்த்தப்பட்டிருக்கிறது. ஆகவே பலத்தைப் பொது வரிசைக்கு இறக்குங்கள். அதே போன்ற ஒரு ஏற்றத்தை 'அஜிலிட்டி' (சுறுசுறுப்பு), 'கைனஸ்தெடிக் சென்ஸ்' (உடலசைவு உணர்வு) இரண்டுக்கும் கொடுங்கள். ஏழு எண்ணும் கூடும்போது ஊரில் சராசரி ஆளே சுறுசுறுப்பாக இருப்பார். ஆனாலும் மந்தமான ஒருவர் அங்கே பிறக்கலாம். மேசையில் இல்லாத அழகு இதுதான்.

பயமில்லாதவர்கள் என்ற குணத்தை 'பர்சனாலிட்டி' வரியில் துணிச்சலுக்கான எண்களை உயர்த்திக் கொண்டுவரலாம். சாதாரணமாக அது 0, 50, 100. நடு எண்ணை எழுபது ஆக்கினாலே வித்தியாசம் தெரியும். பகடையில் ஒன்று விழுந்தால் திரும்ப உருட்டலாம் என்ற அதிர்ஷ்டச் சலுகைக்கு இங்கே இடமில்லை, விட்டுவிடுங்கள்.

நடை வேகத்திலும் கவனம். மேசையில் ஹாஃப்லிங்குக்கு 25 அடி, மனிதனுக்கு 30 அடி. சண்டைக் களத்தில் இது ஒரு கட்டத்து வித்தியாசம். ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸில் இரண்டு கால் உயிரிகளின் நடைக்கான வரியில் முதல் எண் 900, எண் கூடினால் நடை தாமதம். 25 அடியை அப்படியே கணக்குப் பார்த்தால் 1080 வரும். அதைப் போட்டால் கல் சுமப்பது, சாப்பாட்டுக்குப் போய்வருவது, எதிரி வரும்போது உள்ளே ஓடிவருவது எல்லாம் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் நேரம் எடுக்கும். நான் 900ஐத் தொடமாட்டேன்.

கைக்கு அடங்காத கோடரி

புதியவர்கள் எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம் இது. ஆயுதக் கோப்பில் ஒவ்வொரு ஆயுதத்துக்கும் 'மினிமம் சைஸ்' என்று ஒரு வரி உண்டு. குட்டை வாளுக்கு அது 32500, போர்க் கோடரிக்கு 42500. அதற்குக் குறைந்த உடலளவு உள்ள எவராலும் அதைப் பிடிக்க முடியாது. 18000 அளவுள்ள உங்கள் வீரருக்கு நீங்கள் உருக்கி அடித்து வைத்த வாள் வெறும் அலங்காரம். கத்திக்கு 5000 போதும் என்பதால் அதை மட்டும் எடுத்துக்கொண்டு போருக்குப் போவார்கள். சுரங்கம் தோண்டும் பிக்காசும் இதே ஆயுதக் கோப்பில்தான் இருக்கிறது. அதன் எண்ணையும் பார்த்துவிடுங்கள். பிக்காசு பிடிக்க முடியாத ஊரில் கோட்டை எங்கே எழும்பப்போகிறது?

சிலர் உடலளவை 45000க்கு உயர்த்தித் தப்பிக்கிறார்கள். அப்படிச் செய்தால் ஹாஃப்லிங்குக்கும் குள்ளருக்கும் என்ன வித்தியாசம்? என் வழி வேறு. குட்டை வாள், கோடரி, பிக்காசு மூன்றையும் நகல் எடுத்து, புது அடையாளப் பெயர் கொடுத்து, 'சைஸ்', 'டூ ஹேண்டட்', 'மினிமம் சைஸ்' எண்களைப் பத்தில் மூன்றாகக் குறைத்து, சொந்த ஆயுதக் கோப்பில் வையுங்கள். அந்தக் கோப்பின் பெயர் 'ஐட்டம் வெப்பன்' என்று தொடங்கவேண்டும். இந்த ஆயுதங்களின் அடி லேசாகத்தான் இருக்கும், அதுதான் நியாயம். உடுப்பிலும் இதே கதை நடக்கும். குள்ள வியாபாரி கொண்டுவரும் சட்டை இவர்களுக்குப் பெரிசு, இவர்கள் தைப்பது குள்ளருக்குச் சின்னது. திருத்தவேண்டிய பிழை ஒன்றுமில்லை, இவர்களின் வாழ்க்கையே அப்படி. தையல் பட்டறையைச் சீக்கிரம் கட்டச் சொல்லுங்கள்.

டிராகன்போர்னும் தீயும்

டிராகன்போர்ன் என்பது டிராகன் சாயல் கொண்ட, மூச்சில் தீ ஊதக்கூடிய இனம். எடை கிட்டத்தட்ட 250 பவுண்டு, ஆகவே அளவு 113000. மூன்று வயதில் பத்து வயதுப் பிள்ளையின் உயரம், பதினைந்தில் முழு ஆள், எண்பதில் முடிவு. இது வேகமான வாழ்க்கை. பாடி சைஸ் வரிகளில் மூன்று வயதுக்கு 40000 அளவில் ஒரு படி வைத்தால் பொருந்தும். மேக்ஸ் ஏஜ் 70, 90.

மூச்சுத் தீ இன்னொரு விஷயம். டிராகன் பகுதியில் தீ உமிழும் வரிகளை அப்படியே எடுக்கலாம். எவ்வளவு தூரம் போகும், எத்தனை நேரத்துக்கு ஒருதரம் என்பதெல்லாம் தனித்தனி வரிகள். மேசையில் ஒருமுறை ஊதினால் ஓய்வெடுத்த பிறகுதான் மறுமுறை. இங்கே 'வெயிட் பீரியட்' எண்ணைத் தாராளமாகக் கூட்டாவிட்டால் உங்கள் வீரர் ஒரு நரியைக் கண்டதும் ஊதித்தள்ளுவார். புல் பற்றும், புல்லிலிருந்து மரம், மரத்திலிருந்து வாசலில் அடுக்கிய மரப் பீப்பாய்கள். டிராகனின் தீ சாதாரண நெருப்பை விடச் சூடு கூடியது. ஆகவே டிராகன்ஃபயர் என்ற இடத்தில் சாதாரண தீத்தாரை என்று மாற்றுவது உத்தமம். 'ஃபயர் இம்யூன்' வரி ஊதுபவரின் உடம்பைக் காக்கும், அவர் போட்டிருக்கும் உடுப்பைக் காக்காது. மூச்சுத் தீ உள்ள ஒரு இனத்தை ஊராக விளையாடும் எண்ணம் இருந்தால் கிணற்றை வாசலுக்குப் பக்கத்திலேயே தோண்டுங்கள்.

ஆந்தைக்கரடியும் யாளியும்

காட்டு உயிரி செய்வது இனம் செய்வதை விடச் சுலபம். நாகரிகம், வேலை, மனம் ஒன்றும் வேண்டாம். ஆந்தைக்கரடிக்குக் கரடியின் பகுதியை அடித்தளமாக எடுத்து, உடல் வரியில் வாய்க்குப் பதில் அலகைச் சேர்த்து, கடிக்கும் தாக்குதலை அலகுக்கு மாற்றுங்கள். அலகு எந்தப் பொருளால் ஆனது என்பதும் சொல்லப்படவேண்டும். அந்த வரிகளைக் கழுகின் பகுதியில் பார்த்து எடுக்கலாம். தானே பாய்ந்து தாக்க 'லார்ஜ் பிரெடேட்டர்', நிலப்பரப்பில் தோன்ற 'லார்ஜ் ரோமிங்', காட்டுத்தனமான பகுதிகளில் மட்டும் வர 'சேவேஜ்'. மூன்றும் வேண்டும்.

இதே வழியில் நம்முடைய யாளியையும் செய்யலாம். கோயில் தூண்களில் பார்ப்பதுதான்: சிங்க உடல், யானைத் தும்பிக்கை, தந்தம். சிங்கத்தின் பகுதியை எடுத்து, யானையின் பகுதியிலிருந்து தும்பிக்கையையும் தந்தத்தையும் உடல் வரியில் கொண்டுவாருங்கள். சிற்பி யானையையே காலடியில் போட்டுக் காட்டியிருப்பார், ஆகவே அளவில் கஞ்சத்தனம் வேண்டாம். யானையின் 50 லட்சத்துக்கு மேலேயே வையுங்கள். யாளியை வெளிநாட்டு அட்டவணை எதிலும் தேடவேண்டாம், உடலளவும் தாக்குதலும் இருப்பிடமும் நீங்கள் வைத்ததுதான்.

இருப்பிடத்தைப் 'பயோம்' வரி தீர்மானிக்கிறது. திருகோணமலைக்காரருக்கு இதை விளங்கிக்கொள்வது கஷ்டமில்லை. மகாவலி கொட்டியாரக் குடாவில் கலக்கிற பக்கத்துக் கண்டல் காடு ஒரு பயோம், உள்ளே கந்தளாய்ப் பக்கம் போகும்போது வரும் வரண்ட காடு இன்னொன்று, நிலாவெளிக் கடல் மற்றொன்று. மூன்றுக்கும் நிகரான பெயர்கள் விளையாட்டில் இருக்கின்றன: கண்டல் சதுப்பு, வெப்பமண்டல வரண்ட அகலிலைக் காடு, வெப்பமண்டலக் கடல். யாளியை வரண்ட காட்டில் விடுங்கள். கூட்டமாக வரவேண்டுமா, தனியாக வரவேண்டுமா என்பதைக் 'கிளஸ்டர் நம்பர்' சொல்லும். ஃப்ரெட்ரிக் கோட்டைக்குள் திரிகிற மான்களைப் போலக் கூட்டம் வேண்டுமென்றால் 3, 7 என்று போடலாம். யாளிக்கு 1, 1 போதும். 'ஃப்ரீக்வென்சி' சாதாரணமாக 50. யாளியை அபூர்வமாக்க 5 வையுங்கள்.

நீர்வாழ் இனம் செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு: 'அக்வாட்டிக்' என்று போட்ட உயிரி தரையில் மூச்சு முட்டிச் சாகும். கரையிலும் நடமாட 'ஆம்ஃபிபியஸ்' வேண்டும்.

கோலெம்: எண்கள் தேவைப்படாத இடம்

மேசையில் இரும்புக் கோலெமுக்கு (மந்திரத்தால் நடமாடும் இரும்புச் சிலை) இவ்வளவு உயிர்ப்புள்ளி, இன்னின்ன ஆயுதம் தைக்காது, தீ ஒன்றும் செய்யாது என்று பட்டியல் நீளும். இங்கே உயிர்ப்புள்ளியே கிடையாது. உடம்பு தோல், கொழுப்பு, தசை, எலும்பு என்று அடுக்கடுக்காக இருக்கிறது. அடி எந்த அடுக்குவரை போனது என்பதுதான் கணக்கு. ஆகவே பிரோன்ஸ் கொலோசஸ் (வெண்கலப் பேருருவம்) என்ற உயிரியின் பகுதியை நகல் எடுத்து, உடலின் பொருளை வெண்கலத்திலிருந்து இரும்புக்கு மாற்றுங்கள். மரத் தடி அதை ஒன்றும் செய்யாது, உருக்கு வாள் வெட்டும். எதையும் நீங்கள் எழுதத் தேவையில்லை, இரும்பின் தன்மை பார்த்துக்கொள்ளும்.

வெப்பமும் அப்படியே. இந்த விளையாட்டின் வெப்ப அளவு ஃபாரன்ஹைட்டோடு 9968ஐக் கூட்டினால் வரும். தண்ணீர் 10000இல் உறையும், 10180இல் கொதிக்கும். மனித உடம்பு 10067. எரிமலைக் குழம்பு 12000, இரும்பு உருகுவது 12768இல். வெண்கலம் 12000க்கு முன்னமே உருகிவிடும். கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கு ஒரு வெப்பமானியோடு போனால் ஏழு கிணற்றுக்கும் இந்த அளவில் எண் எழுதிப் பழகலாம், வெப்பம் கிணற்றுக்குக் கிணறு மாறும்.

ட்ரோலின் காயம் தானாக ஆறுவது, ஜெலட்டின் கட்டி ஆளை விழுங்கி உள்ளே வைத்துக் கரைப்பது போன்றவை அப்படியே வராது. அவற்றோடு மல்லுக்கட்டி முதல் மாதத்தை வீணாக்கவேண்டாம்.

நாகரிகம்

உயிரிக் கோப்பு மட்டும் இருந்தால் ஹாஃப்லிங்குக்கு ஊர் கிடைக்காது. ஊர், அரசு, வியாபாரம் எல்லாம் வர என்டிட்டி கோப்பு, அதாவது நாகரிகத்துக்கான கோப்பு வேண்டும். வெனிலாவில் குள்ளரின் நாகரிகம் 'மவுன்டன்' என்ற பெயரில் இருக்கிறது, மனிதருக்கு 'பிளெய்ன்ஸ்', எல்ஃபுக்கு 'ஃபாரஸ்ட்'. ஹாஃப்லிங்குக்கு மவுன்டனை நகல் எடுப்பது நல்லது. தோண்டும் கருவி, அனுமதிக்கப்பட்ட வேலைகள் எல்லாம் அதில் தயாராக இருக்கும். பெயரை மாற்றி, கிரியேச்சர் வரியில் உங்கள் இனத்தைப் போட்டு, ஆயுத வரிகளில் நீங்கள் செய்த சின்ன ஆயுதங்களைச் சேருங்கள். தோண்டும் கருவி வரியில் உங்கள் சின்னப் பிக்காசு வரவேண்டும், மறக்காதீர்கள். 'சைட் கன்ட்ரோலபிள்' வரி இருந்தால்தான் அந்த இனத்தை எடுத்து விளையாட முடியும்.

நல்லவர், கெட்டவர், ஒழுங்குக்காரர், தறிகெட்டவர் என்ற டி அண்ட் டி வகைப்பாட்டை 'எத்திக்' வரிகள் எடுத்துக்கொள்ளும். கொலை, சித்திரவதை, களவு, மரம் வெட்டுதல், அறிவுள்ள உயிரைத் தின்னுதல் என்று ஒவ்வொன்றையும் இவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று எழுதவேண்டும். இதை அலங்காரம் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு நாகரிகங்களின் நெறிகள் முட்டிக்கொள்ளும் இடத்தில் உலகத்தின் வரலாற்றில் போர் மூளும். ஒரு இனத்தை மொத்தமாகக் கெட்டது என்று எழுதுவதை விட, ஒரே ஒரு நெறியில் அயலாரோடு ஒத்துப்போகாமல் விட்டுப் பாருங்கள், கதை தானாக வரும்.

சோதித்துப் பார்த்தல்

மொட்களை உலகம் உண்டாக்கும்போதுதான் சேர்க்க முடியும். ஏற்கெனவே விளையாடிக்கொண்டிருக்கும் உலகத்துக்குள் புது இனத்தைத் திணிக்க வழியில்லை. சோதனைக்கு மிகச் சின்ன அளவு உலகத்தையும் குறைந்த வருட வரலாற்றையும் தேர்ந்தெடுங்கள். பெரிய உலகம், நீண்ட வரலாறு என்று போட்டால் பழைய லப்டொப் சூடாகி மூச்சு வாங்கும், நடுவில் கரண்ட் போனால் எல்லாம் முதலிலிருந்து.

உலகம் உண்டானதும் விளையாட்டு ஃபோல்டரில் உள்ள எரர்லாக் கோப்பைத் திறவுங்கள். எழுத்துப் பிழை, இல்லாத உறுப்பைத் தேடும் தாக்குதல், இரட்டை அடையாளப் பெயர் எல்லாம் அங்கே வரிசையாக நிற்கும். முதல் பிழையைத் திருத்தினால் அடுத்த பத்தும் பெரும்பாலும் தானாகப் போய்விடும். பிறகு விளையாட்டிலேயே உள்ள அரீனா என்ற சோதனைச் சண்டைக் களத்தில் உங்கள் உயிரியை ஒரு குள்ள வீரரோடு மோதவிட்டு, எந்த உறுப்பில் அடி விழுகிறது என்று சண்டைக் குறிப்பை வாசியுங்கள். ஆந்தைக்கரடி அலகால் கொத்துவதற்குப் பதில் உதைத்துக்கொண்டே இருந்தால் தாக்குதல் வரியில் ஏதோ தவறு.

கடைசியாக லெஜண்ட்ஸ். உலக வரலாற்றை அங்கே புரட்டலாம். போன லீவில் உப்புவெளித் தம்பி ஒருவர், "அண்ணா, நான் செய்த சனம் ஒண்டையும் காணேல்ல, எல்லாம் செத்துப்போச்சோ?" என்று கேட்டு வந்தார். லெஜண்ட்ஸைத் திறந்து பார்த்தோம். செத்ததற்குப் பதிவே இல்லை, அவர்கள் பிறக்கவே இல்லை. தொடக்க பயோமாகக் கண்டல் சதுப்பை மட்டும் கொடுத்திருந்தார். அந்தச் சின்ன உலகத்தில் கண்டல் சதுப்பு ஒரு இடத்திலும் உருவாகவில்லை. 'ஸ்டார்ட் பயோம்' வரிகளை மூன்று நான்காக்கியதும் ஊர்கள் முளைத்தன. உங்கள் இனம் இருக்கிறது, ஆனால் நூறு வருடத்தில் அழிகிறது என்றால் அது வேறு நோய். அயலாரோடு நெறி முட்டுகிறதா, ஆயுதம் கைக்கு அடங்குகிறதா என்று அந்த இரண்டையும் முதலில் பாருங்கள். மாறாக, எழுநூறு வருடம் வாழும் எல்ஃப் வகை இனங்கள் நீண்ட வரலாற்றில் பெருகிக்கொண்டே போகும், நாகரிகக் கோப்பில் உள்ள மக்கள்தொகை எல்லைகளைக் குறையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. நீங்கள் மொட்டைப் பயன்படுத்தியதும் விளையாட்டு அதன் நகலை டேட்டாவுக்குள் இன்ஸ்டால்ட் மொட்ஸ் என்ற ஃபோல்டரில் வைத்துக்கொள்ளும். அதன் பிறகு உங்கள் கோப்பைத் திருத்தினாலும், பதிப்பு எண் மாறாதவரை அந்தப் பழைய நகலையே படிக்கும். திருத்தியும் மாற்றமே தெரியவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் எல்லோரும் இங்கேதான் நிற்கிறார்கள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் இன்ஃபோ கோப்பில் 'நியூமெரிக் வெர்ஷன்' எண்ணை ஒன்று கூட்டுங்கள், அல்லது பழைய நகலை அழியுங்கள்.

படம் வேண்டுமா?

கிளாசிக்கில் ஒரு எழுத்தும் நிறமும் கொடுத்தால் வேலை முடிந்தது. ஸ்டீம் பதிப்புக்கு 32க்கு 32 பிக்சல் அளவில் சிறு படங்கள் வரைந்து, கிராஃபிக்ஸ் ஃபோல்டரில் வைத்து, எந்தக் கட்டம் எந்த உயிரிக்கு என்று இரண்டு சிறு கோப்புகளில் எழுதவேண்டும். கைவசம் வரையத் தெரிந்த நண்பர் இருந்தால் அவரிடம் கொடுத்துவிட்டு நீங்கள் உயிரிக் கோப்பைக் கவனியுங்கள்.

நண்பர்களுக்குக் கொடுக்கும்போது உங்கள் மொட் ஃபோல்டரை மட்டும் சிப் பண்ணி பென் டிரைவில் போட்டால் போதும், விளையாட்டு முழுவதையும் நகல் எடுக்கத் தேவையில்லை. கொடுப்பதற்கு முன் இன்ஃபோ கோப்பின் விளக்க வரியில் 5.1 விதி ஆவணத்தின் பெயர், கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமம் இரண்டையும் எழுதிவிடுங்கள். எந்தப் பதிப்பு ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸில் சோதித்தீர்கள் என்பதையும் சேருங்கள். அடுத்த பதிப்பு வந்து ஏதாவது உடைந்தால் உங்களிடம் வருபவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.